காணியின் ஓரத்தில் ஆமைக்கு ஓர் இடம்

மழை தொடங்கியதும் உலர் வலயத்துக் காணிகளிலே, கருநிற ஓட்டில் மஞ்சட் கதிர்கள் பொறித்த நட்சத்திர ஆமை நடமாடுவதைக் கமக்காரராகிய நீங்கள் கண்டிருப்பீர்கள். பிள்ளைகள் அதனை எடுத்து வந்து முற்றத்திலே வளர்க்க விரும்புவர். அவ்விருப்பம் இயல்பானதேயாயினும், அதற்கு இணங்குதல் கூடாது. 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இவ்வாமை பாதுகாக்கப்பட்ட பிராணியாகும். அதனைப் பிடித்தலும் வைத்திருத்தலும் விற்றலும் குற்றமாம். செல்லப் பிராணிச் சந்தைக்காக இவை களவாகக் கடத்தப்படுவதனால், 2019 ஆம் ஆண்டில் நாடுகளுக்கிடையிலான இதன் வணிகமும் தடைசெய்யப்பட்டது.

சட்டம் ஒருபுறமிருக்க, வீட்டு வாழ்க்கை இப்பிராணிக்கு ஒவ்வாது. புல்லும் இலையும் உதிர்ந்த பழமுமே இதன் இரை. சீமெந்துத் தரையில் அடைத்துச் சோறும் பாணும் கொடுத்தால், சுண்ணச் சத்தும் வெயிலும் போதாமல் ஓடு மென்மையடைந்து கோணலாகின்றது. இது மெல்ல மெல்ல நிகழ்வதால், வீட்டார் உணருமுன் காலங் கடந்துவிடும். கிணற்றில் ஆமை விடும் வழக்கமும் சில ஊர்களில் உண்டு. நட்சத்திர ஆமையோ தரை ஆமை. ஆழ்ந்த நீரில் விட்டால் மூழ்கி இறக்கும்.

ஆகவே ஆமையை வீட்டுக்குக் கொண்டு வராது, காணியிலேயே அதற்கு இடம் விடுதல் நன்று. வேலியோரமாக ஆறு தொடக்கம் பத்து அடி அகலமான ஒரு பகுதியைக் கொத்தாமலும் துப்புரவாக்காமலும் விட்டுவிடுங்கள். காரை, சூரை, ஆவாரை போன்ற பற்றைகளும் அவற்றின் கீழ் வளரும் புல்லும் அதற்கு நிழலும் இரையும் தரும். வெயில் விழும் வெறுமண் சிறிதளவு இருத்தலும் அவசியம். பெண் ஆமை அத்தகைய மண்ணைத் தோண்டியே முட்டையிடும். இப்பகுதியில் களைநாசினியோ பீடைநாசினியோ தெளித்தலாகாது. கோடையில் ஓர் அங்குல ஆழமான மண்தட்டு ஒன்றை நிலமட்டத்திற்குப் புதைத்து நீர் ஊற்றி வைக்கலாம். கம்பிவலை வேலியாயின், சில இடங்களில் அடிப்பாகத்தை எட்டு அங்குலம் உயர்த்தி வழிவிடுதல் வேண்டும்.

தீயே பெருங்கேடு. பற்றையைச் சுற்றி நாற்புறமும் தீ மூட்டினால் உள்ளிருக்கும் ஆமைக்குத் தப்ப வழியில்லை. அது ஓடவல்ல பிராணியன்று. எரிக்காமல் வெட்டிக் குவித்து உக்கவிடுதலே சிறந்தது. வயலிலும் அவ்வாறே: தாளையும் வைக்கோலையும் எரிக்கும்போது அவற்றிலுள்ள நைதரசன் புகையாய்ப் போகின்றது. அதனைப் பின்னர் பசளையாகக் காசு கொடுத்து வாங்குகின்றோம்!

கட்டில்லாத் துரவுகளைச் சுற்றி ஓரடி உயரத்திற்குக் கல் அடுக்குங்கள். செங்குத்தான சீமெந்து வாய்க்காலில் விழுந்த ஆமையும் வெளியேற மாட்டாது. இடையிடையே கற்களைச் சாய்வாக அடுக்கி ஏறுவழி அமைத்தல் எளிது.

மரக்கறித் தோட்டத்திற்கு இதனாற் சேதமில்லையா என்று கேட்பீர்கள். சிறிது உண்டு. கீரையையும் நிலத்திற் கிடக்கும் வெள்ளரிப் பிஞ்சையும் கடிக்கும். ஆனால் ஏறவோ தாண்டவோ வல்லதன்று. பாத்தியைச் சுற்றி ஓரடி உயரத்திற்குக் கிடுகு கட்டினாற் போதும்.

மண்வெட்டியில் முட்டைகள் அகப்பட்டால் அவற்றைப் புரட்டாதீர்கள்; புரட்டினால் உள்ளே வளரும் கரு அழியக்கூடும். இருந்தபடியே மண்ணை மூடிவிட்டு அவ்விடத்தை அடையாளமிடுங்கள். உழவு இயந்திரத்தின் முன் ஆமை தென்பட்டால் அதே காணியின் பற்றையோரத்தில் விடுங்கள்; தொலைவிற் கொண்டுபோய் விட்டால், தான் அறிந்த நிழலையும் நீரையும் அது இழந்துவிடும்.

வயலை முதலுழவு செய்யும்போது சேற்றினுள் வெளிப்படுவது பெரும்பாலும் வேறோர் இனமாகிய பாலாமையாகும். அதன் ஓடு தோல் போர்த்தித் தட்டையாயிருக்கும். கோடையிற் சேற்றுள் புதைந்து கிடக்கும் அது நீர்வாழ் ஆமையாதலின், அண்மையிலுள்ள குளத்திலோ வாய்க்காலிலோ விடல் வேண்டும். இவ்விரண்டையும் மாறிக் கொள்வதனாலேயே பல தரை ஆமைகள் கிணற்றில் மடிகின்றன.

நெடுங்காலம் வீட்டில் வைத்திருந்த ஆமையையும், ஓடு வெடித்த ஆமையையும் காட்டில் விட்டுவிடாது, அண்மையிலுள்ள வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்கள அலுவலகத்திற்கு அறிவியுங்கள். அலுவலர் வரும்வரை அதனைக் காற்றோட்டமுள்ள பெட்டியில் நிழலில் வைத்திருத்தல் போதும்.