எந்த பிரம்மதேசம்? கிராமத்தில் ஒரு ஏக்கர் வாங்கும் முன்...

'திண்டிவனம் அருகே பிரம்மதேசத்தில் ஒரு ஏக்கர் புஞ்சை. கிணறு உண்டு. ரோட்டை ஒட்டி. உடனே கிரயம்!'

சென்னையில் வாடகை வீட்டில் இருக்கும் ஒருவரின் போனுக்கு இரவு பதினோரு மணிக்கு இப்படி ஒரு விளம்பரம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த அரை மணி நேரத்தில் மனதுக்குள் தென்னை வைத்து, ஓட்டு வீடு கட்டி, லேப்டாப்பை திண்ணையில் வைத்து வேலையும் பார்த்துவிடுவார். ஆசை தப்பில்லை. ஆனால் முதல் கேள்வியே வேறு: எந்த பிரம்மதேசம்?

விழுப்புரம் மாவட்டத்திலேயே இந்தப் பெயரில் இரண்டு ஊர்கள். ஒன்று, திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் பக்கம். இன்னொன்று, எண்ணாயிரத்துக்கு அருகே சோழர் காலக் கோயில்களோடு இருக்கும் ஊர். போதாததற்கு திருவண்ணாமலை மாவட்டத்தில் செய்யாறு பக்கம் ஒன்று, நெல்லைச் சீமையில் அம்பாசமுத்திரம் அருகே ஒன்று. விளம்பரத்தில் ஊர் பெயர் மட்டும் இருந்தால் அது விலாசமே இல்லை. வட்டம், வருவாய் கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண், இந்த நான்கும் கைக்கு வந்த பிறகுதான் பேச்சே.

இத்தனை ஊர்களுக்கு ஒரே பெயர் வந்ததும் நிலத்தால்தான். பிராமணர்களுக்கு மன்னர்கள் கொடையாகக் கொடுத்த ஊர்களுக்கு பிரம்மதேயம் என்று பெயர். சோழர் காலத்தில் தமிழகம் முழுக்க இப்படி ஊர்கள் உருவாயின. பக்கத்து எண்ணாயிரத்தில் ராஜேந்திர சோழன் காலத்தில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் இருந்த கல்லூரி ஒன்று, நிலக் கொடையின் வருமானத்தில் நடந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. கொடுத்த நிலத்தை விவரமாகக் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஆயிரம் வருடம் முன்பே நம் ஆட்கள் பத்திர விஷயத்தில் கறார்!

அந்தக் கோயில்கள் இன்றைக்கும் சொத்து விஷயத்தில் குறுக்கே வரும். எண்ணாயிரம் பக்கத்து பிரம்மதேசத்தின் பாதாளீஸ்வரர், பிரம்மபுரீஸ்வரர் கோயில்கள் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. 2010-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, இப்படிப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டக் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டரில் கட்ட அனுமதி வாங்க வேண்டும். 'கோயில் வியூ' என்று புரோக்கர் பெருமையாகச் சொன்னால், டேப் எடுத்து அளந்துவிடுவது நல்லது.

அங்கே வாழ்க்கை எப்படி?

திண்டிவனம் பக்கம் அடிப்படையில் நெல், மணிலா, சவுக்கு, கோடையில் தர்ப்பூசணி பூமி. மணிலாவில் 'டி.எம்.வி' ரகங்கள் என்று நாடெங்கும் விவசாயிகள் சொல்வது திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத்தான். மரக்காணம் பக்கம் போகப் போக உப்பளங்கள். சென்னையிலிருந்து திண்டிவனம் சுமார் 120 கி.மீ., நான்கு வழிச் சாலை. அதனால் 'வீக் எண்ட்ல போய்ட்டு வந்துடலாம் சார்' என்பது உண்மைதான். ஆனால் திண்டிவனத்துக்கு அப்புறம் பஸ் எத்தனை மணிக்கு ஒன்று, ராத்திரி நெஞ்சு வலித்தால் எந்த ஆஸ்பத்திரி, வீடியோ கால் பேச சிக்னல் நிற்கிறதா என்பதையெல்லாம் காரில் ஒரு சுற்று வந்து கண்டுபிடிக்க முடியாது. ஊரில் இரண்டு நாள் தங்கிப் பார்க்க வேண்டும்.

மழையிலும் ஒருமுறை பார்க்க வேண்டும். 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்துக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. மார்ச் மாதத்தில் பார்த்த 'மேட்டு நிலம்' டிசம்பரில் எப்படி இருக்கும் என்று பக்கத்துக் காட்டுக்காரரைக் கேட்டால் சொல்லிவிடுவார். புரோக்கர் சொல்ல மாட்டார்.

பட்டா இருக்கு, பாதை இருக்கா?

பெரும்பாலானவர்கள் பட்டாவோடு நின்றுவிடுகிறார்கள். பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவு. உரிமை எப்படிக் கைமாறி வந்தது என்பதைச் சொல்வது பத்திரங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். 1979-87 நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது (யு.டி.ஆர்.) பெயரும் பரப்பும் மாறிப் பதிவான வழக்குகள் இன்றும் நடக்கின்றன. பட்டா, அ-பதிவேடு, புலப்பட நகல் ஆகியவற்றை வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். வில்லங்கச் சான்று பதிவுத் துறைத் தளத்தில் கிடைக்கும். குறைந்தது 30 வருடத்துக்குப் போட்டுப் பார்ப்பது வழக்கம்.

அதற்கப்புறம்தான் கிராமத்துக்கே உரிய சிக்கல். ரோட்டிலிருந்து நிலத்துக்குப் போகும் வழி புலப்படத்தில் பாதையாக இருக்கிறதா, இல்லை பங்காளி வரப்பில் நட்புக்கு நடந்து போகிற வழியா? நட்பு நிலத்தோடு சேர்ந்து கிரயமாகாது. 'கிணறு உண்டு' என்றால், முழுக் கிணறா, நாலில் ஒரு பாகமா? பத்திரத்தில் 'கிணற்றில் பொதுவில் பாகம்' என்று இருந்தால் மோட்டார் ஓட்டக்கூட முறை இருக்கும். விவசாய மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெயர் மாற்றாமல் விட்ட இணைப்பு பின்னால் தலைவலி. அளவிலும் உஷார். சிலர் ஏக்கரில் பேசுவார்கள், பெரியவர்கள் காணியில் பேசுவார்கள். ஒரு காணி பொதுவாக 1.32 ஏக்கர் என்றாலும் ஊர் வழக்கு மாறும். சென்ட் கணக்கில் எழுதி வாங்கிவிட்டு, சர்வேயரை வைத்து அளந்துவிடலாம்.

தொடவே கூடாத நிலங்கள்

விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் காரணம் இருக்கும். பஞ்சமி நிலம் முக்கியமான ஒன்று. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து, 1892-ல் ஆங்கிலேய அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கிய நிலம் இது. முதல் 10 ஆண்டு விற்க முடியாது, அதன் பிறகும் அந்த மக்களுக்குள் மட்டுமே கைமாறலாம் என்பது நிபந்தனை. இன்றும் அதை வேறு யார் வாங்கினாலும் கிரயம் செல்லாது. வாங்கியவர் பணத்தை இழப்பார். அதைவிடப் பெரிய இழப்பு, யாருக்காக ஒதுக்கினார்களோ அந்தக் குடும்பங்களுக்கு. கோயில் நிலமும் அப்படியே: அறநிலையத் துறை ஆணையரின் அனுமதியில்லாத விற்பனை செல்லாது. ஏரி, ஓடைப் புறம்போக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பிளாட்டாக வாங்குகிறவர்களுக்கு இன்னொரு தேதி முக்கியம்: 2016 அக்டோபர் 20. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று அந்த ஆண்டு செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதற்குப் பின் வந்த வரன்முறைத் திட்டமும் இந்தத் தேதிக்கு முன் பிரித்த மனைகளுக்குத்தான். 'பஞ்சாயத்து அப்ரூவ்ட்' என்று சொன்னால் போதாது, டி.டி.சி.பி. அனுமதி எண் வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவு என்றால் ரெரா எண்ணும் வேண்டும்.

அக்கா கையெழுத்து போட்டாங்களா?

பூர்வீக நிலம் என்றால் அண்ணன் தம்பி மட்டும் கையெழுத்துப் போட்டு விற்பது இன்னும் நடக்கிறது. தமிழ்நாட்டில் 1989-லேயே மகள்களுக்குச் சம பங்கு சட்டமானது. நாடு முழுவதுக்கும் 2005-ல் வந்தது. 2020-ல் உச்ச நீதிமன்றம், அப்பா 2005-ல் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று தெளிவாக்கிவிட்டது. கட்டிக்கொடுத்து இருபது வருடமான அக்கா நாளை வழக்கு போட்டால், வேலி போட்டவர் கோர்ட்டுக்கு அலைவார். 'சீர் செஞ்சாச்சுங்க' என்பது விடுதலைப் பத்திரம் ஆகாது.

துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்து இதைப் படிப்பவர்களுக்கு: என்.ஆர்.ஐ., ஓ.சி.ஐ. அட்டை உள்ளவர்கள் இந்தியாவில் விவசாய நிலமோ பண்ணை வீடோ வாங்க அந்நியச் செலாவணி விதிகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். வீடு, மனை வாங்கத் தடையில்லை. இது உலகத்தில் புதுசும் இல்லை. இந்தோனேசியாவின் மூலைக் கிராமத்தில் குடியேற ஆசைப்படும் வெளிநாட்டவருக்கும் 1960-ம் ஆண்டு நிலச் சட்டப்படி 'ஹக் மிலிக்' எனும் முழு உரிமை கிடையாது, பயன்பாட்டு உரிமை மட்டும்தான். அங்கே உள்ளூர் ஆள் பெயரில் வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. இங்கே 'மச்சான் பேர்ல வாங்கிடலாம்' என்பதும் அதே பள்ளம்தான், கூடவே பினாமிச் சட்டமும் இருக்கிறது.

செலவுக் கணக்கில் பதிவுச் செலவையும் சேர்க்க வேண்டும்: முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்து என்றால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1% சலுகை.

விலை ஏறுமா? 'ரயில் வருது, சிப்காட் வருது' என்று எல்லாருமே சொல்வார்கள். திண்டிவனம்-நகரி ரயில் பாதை பேச்சு எத்தனையோ வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது, ரயில்தான் ஓடவில்லை. அந்தப் பேச்சை நம்பி வாங்கிய பல மனைகளில் இன்று கல் நட்டிருக்கிறது, சுற்றிலும் சீமைக் கருவேலம். முன்பு அங்கே மணிலா பிடுங்கக் கூலிக்குப் போனவர்கள் இப்போது திண்டிவனத்துக்கு பஸ் ஏறுகிறார்கள். விற்ற விவசாயிக்கு வந்த பணம் மகள் கல்யாணத்திலும் பழைய கடனிலும் தீர்ந்திருக்கும். ஒரு சில இடங்களில், வாங்கியவரே பழைய சொந்தக்காரரைக் கூப்பிட்டு, 'சும்மா கெடக்குறதுக்கு நீங்களே பயிர் வைங்க' என்று குத்தகைக்கு விட்டிருக்கிறார். அப்படி விடுவதானால் அதையும் வாய்ப்பேச்சில் விடாமல், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.