மாமியார் உடைத்தால் மண்குடமா?



போன வருஷம் எங்கள் வீட்டு மாடி ரூம் காலியானது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு வேலைக்கு வருபவர்கள் நம் மண்ணூரிலும் வாடகைக்கு இடம் தேடுவது உங்களுக்குத் தெரியும். அப்படி ஒரு அண்ணன் போன் செய்தார். மரியாதையாகப் பேசினார். "ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க தம்பி" என்றார் அம்மா. பிறகு பெயரைக் கேட்டார். அது முஸ்லிம் பெயர். "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

எனக்கு ஆச்சரியம்! ரம்ஜான் மாசம் வந்தால் பக்கத்து வீட்டு நோன்புக் கஞ்சிக்குத் தூக்கோடு காத்திருப்பவர் எங்க அம்மா. "ஏம்மா?" என்று கேட்டேன். "நான் ஒண்ணும் தப்பா நெனைக்கலையே... என்னமோ தோணுச்சு" என்றார்.

அந்த 'என்னமோ தோணுச்சு' என்பதற்குத்தான் உளவியலில் ஆழ்மனச் சார்பு என்று பெயர். வெறுப்பு வேறு, இது வேறு. சின்ன வயதிலிருந்து கேட்ட பேச்சும் பார்த்த சினிமாவும் மனதில் படிந்து, நாம் யோசிப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிடுகின்றன.

ஒரே செயல், இரண்டு தீர்ப்பு

1974-ல் டொனால்ட் டெய்லர், வைஷ்ணா ஜக்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். அது நடந்தது நம் தென்னிந்தியாவில்தான். அலுவலக எழுத்தர்களான 30 இந்துக்களிடம் சின்னச் சின்னச் சம்பவங்களைக் கொடுத்தார்கள். ஒரு கடைக்காரர் தாராளமாக நடந்துகொள்கிறார் அல்லது ஏமாற்றுகிறார். அவர் ஏன் அப்படிச் செய்தார்? இதுதான் கேள்வி.

நல்லது செய்தவர் இந்து என்றால், 'அவர் குணமே அப்படி' என்றார்கள். கெட்டது செய்தால், 'ஏதோ சூழ்நிலை' என்றார்கள். அதையே செய்தவர் முஸ்லிம் என்றதும் பதில் பெரும்பாலும் தலைகீழானது! இது ஒரு மதத்தாரின் குறை இல்லை. தன் கூட்டம், பிறர் கூட்டம் என்று பிரிக்கும் எல்லா மனிதருக்கும் இது வரும். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நம் பாட்டிகள் என்றோ சொல்லிவிட்டார்கள்.

எங்கள் வீட்டையே பாருங்கள். முன்பு குடியிருந்தவர் எங்கள் மதம்தான். இரண்டு மாத வாடகை தராமல் போய்விட்டார். "பாவம், அவனுக்கு என்ன கஷ்டமோ" என்றார் அம்மா. ஒரு தப்பும் செய்யாத இந்த அண்ணனுக்கோ கதவு திறக்கவில்லை.

இது சின்ன விஷயமா?

இல்லை. சுகதேவ் தோரட், பால் ஆட்டவெல் என்ற அறிஞர்கள் இந்தியாவில் தனியார் கம்பெனி வேலைகளுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்து, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே மாதிரித் தகுதி. பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், அழைப்பு வரும் வாய்ப்பு தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்குதான்! நாளை நாமும் வேலைக்கு மனு போடப்போகிறோம். நம் பக்கத்து பெஞ்ச் நண்பனும் போடுவான்.

என்ன செய்யலாம்?

1. 'என்னமோ தோணுது' என்றால் ஒரு நிமிடம் நில்லுங்கள்.
2. "இதையே நம்ம ஆளு செஞ்சிருந்தா என்ன சொல்லியிருப்பேன்?" என்று கேளுங்கள்.
3. எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள்.

அன்று சாயங்காலம் அம்மாவே அந்த நம்பருக்குப் போன் செய்தார். "வேற ரூம் கெடச்சிடுச்சும்மா, பரவாயில்ல" என்றார் அந்த அண்ணன். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. இப்போது எங்கள் வீட்டில் மூன்று கேள்விதான்: எத்தனை பேர், எங்கே வேலை, எப்போ வர்றீங்க? பெயர் கடைசியில்.

அம்மாவைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. போன் என் கையில் இருந்திருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். நீங்கள்?

சிந்திப்போம் நண்பர்களே!

– 11-ஆம் வகுப்பு மாணவி