இணைய வேகம் குறைகிறதா? முதலில் நம் கடைப் பெட்டியைப் பார்ப்போம்



2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது, 2018-ல் இ-வே பில் வந்தது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வியாபாரிகள், பிற வியாபாரிகளுக்கு விற்கும் சரக்குக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ் போட வேண்டியிருக்கிறது. ஆகவே நாகல் நகரில் சரக்கு ஏற்றிய லாரி ஒட்டன்சத்திரத்துக்கோ வத்தலக்குண்டுக்கோ கிளம்ப வேண்டுமானால், டிரைவரோடு இணையமும் தயாராக இருக்க வேண்டும். பில் இறங்கத் தாமதமானால் லாரி நிற்கும், கூலியாட்கள் நிற்பார்கள், நமக்குத்தான் நஷ்டம்.

"100 மெகாபிட் லைனுக்குப் பணம் கட்டுகிறோம், 10 கூட வரவில்லை" என்று லைன் கம்பெனியோடு சண்டை போடுகிறோம். பல சமயம் கோளாறு நம் கடைக்குள், ஃபயர்வால் பெட்டியில்தான் இருக்கிறது. கீழ்க்கண்ட வரிசையில் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

1. கணக்கு: லைன் வேகத்தை மெகாபிட்டில் சொல்கிறார்கள்; கம்ப்யூட்டர் பெரும்பாலும் மெகாபைட்டில் காட்டுகிறது. 8 பிட் சேர்ந்தது 1 பைட். எனவே 100 மெகாபிட் லைனில் வினாடிக்கு 12 மெகாபைட் வந்தால் அது சரியான அளவே.

2. பிரித்துப் பார்த்தல்: ஃபயர்வாலைத் தாண்டி, கம்பெனியின் மோடத்தில் லேப்டாப்பை ஒயர் மூலம் சில நிமிடம் இணைத்து வேகம் பார்க்க வேண்டும். பிறகு ஃபயர்வால் வழியாகப் பார்க்க வேண்டும். இரண்டிலும் குறைவென்றால் கம்பெனியைக் கேட்கலாம். மாத அளவு தீர்ந்து வேகம் குறைக்கப்பட்டதா என்றும் கேட்க வேண்டும். முதலில் சரியாக வந்து இரண்டாவதில் குறைந்தால் கோளாறு நம்முடையது. ஜி.எஸ்.டி. தளம் மட்டும் மெதுவாக இருந்தால், அது கடைசித் தேதி நெரிசலாகவும் இருக்கலாம்.

3. வேக வரம்பு: மண்டி வாசலில் வாட்ச்மேன் லாரிகளை வரிசையாக விடுவது போல, ஃபயர்வால் தகவல்களை வரிசைப்படுத்தி விடுகிறது. இதற்கு டிராஃபிக் ஷேப்பிங் என்று பெயர். 20 மெகாபிட் லைன் இருந்தபோது போட்ட வரம்பு, லைனை 100-க்கு உயர்த்திய பிறகும் அப்படியே இருந்தால், 20-க்கு மேல் வராது. கிலோபிட்டில் கேட்கும் இடத்தில் வெறும் 100 என்று போட்டிருந்தாலும், டவுன்லோடு, அப்லோடு இரண்டையும் மாற்றிப் போட்டிருந்தாலும் வேகம் படுத்துவிடும். அளந்து பார்த்த வேகத்தில் 90 முதல் 95 சதவீதம் வரை வரம்பு வைப்பது நல்லது. அப்போது வரிசை நம் வாசலிலேயே நிற்கும். பில்லும் பேங்க் வேலையும் முதலில் போக, கேமரா பதிவு பின்னால் போகும்.

4. அப்லோடு நெரிசல்: டவுன்லோடு ஆகும்போது "வந்து சேர்ந்தது" என்ற ரசீது திரும்பிப் போக வேண்டும். கடைக் கேமராக்கள் இணையத்துக்கு இடைவிடாமல் படம் அனுப்பி அப்லோடை அடைத்துவிட்டால், ரசீது போகாமல் டவுன்லோடும் தடுமாறும். கேமராவுக்குத் தனி வரம்பு வைத்தால் சரியாகும்.

5. பெட்டியின் பலமும் ஒயரும்: வைரஸ் சோதனை முழுவதும் ஓடும்போது பழைய பெட்டியால் 300 மெகாபிட்டைச் சுமக்க முடியாமல் போகலாம். 8 கம்பியுள்ள லான் ஒயரில் ஒரு ஜோடி அறுந்தால் 1000 மெகாபிட் இணைப்பு 100-க்கு இறங்கிவிடக்கூடும். பெட்டியை மாற்றும் முன் ஒயரை மாற்றிப் பார்ப்பது செலவு குறைவு.

"ஃபயர்வாலையே எடுத்துவிடுங்கள், வேகம் வரும்" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். நம் கணக்கும் வாடிக்கையாளர் பாக்கியும் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. லைன் வேகம், வைத்த வரம்பு, வைத்த தேதி மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியருகே ஒட்டி வைப்போம். லைன் திட்டம் மாறும் அன்றே வரம்பையும் மாற்றச் சொல்வோம்.