ஓய்வு நேரக் கைவேலை: கேழ்வரகுப் பிஸ்கோத்தும் பனையோலைப் பெட்டியும்

அறுவடை முடிந்து அடுத்த உழவு தொடங்கும் வரையில் வேளாண்மைக் குடும்பங்களுக்குச் சிறிது ஓய்வு கிடைப்பது வழக்கம். அந்நாட்களில் ஓலை முடைதல், தையல், பலகாரம் சுடுதல் முதலிய வேலைகளில் நம் பெண்மணிகள் ஈடுபடுகின்றனர். இவற்றை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவோர் உண்டு. இவற்றாலேயே குடும்பத்தின் கடன் முழுதும் தீர்ந்துவிடும் என்று ஆசை காட்டுவோரும் உண்டு. இரண்டும் சரியல்ல. வீட்டுக் கைவேலை முதலில் வீட்டாருக்குப் பயன்பட வேண்டும். கை நன்கு பழகிய பின்னர், கணக்குப் பார்த்து விற்பனையில் இறங்க வேண்டும். இந்த வரிசை மாறும் இடத்தில்தான் நஷ்டம் நேருகிறது. இரண்டு கைவேலைகளைக் கொண்டு இதனை இங்கே விளக்குவோம்.

அடுப்பில் சுடும் பண்டம் நமக்குப் புதிதன்று

பிஸ்கோத்து முதலியன நகரத்துக் கடைகளுக்கே உரியவை என்று எண்ண வேண்டியதில்லை. முந்திரிப்பருப்பு, முட்டையின் வெண்கரு, சர்க்கரை ஆகியவற்றைக் கொண்டு செய்யப்படும் தூத்துக்குடி மக்ரூன் தமிழகமெங்கும் பெயர் பெற்றது. நீலகிரியின் ஊட்டி வர்க்கி 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அதே 2023ஆம் ஆண்டு சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகவும் கொண்டாடப்பட்டது. நம் புன்செய் நிலங்களில் விளையும் கேழ்வரகையே பிஸ்கோத்தாகச் சுட்டால், விளைபொருளுக்கும் வீட்டு வேலைக்கும் ஓர் இணைப்பு ஏற்படுகிறது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 முதல் 360 மில்லிகிராம் வரை சுண்ணாம்புச் சத்து உள்ளது. அரிசியிலும் கோதுமையிலும் இதில் சிறு பகுதிதான் உண்டு. வளரும் குழந்தைகளுக்கு இது வேண்டிய சத்தாகும்.

கேழ்வரகு பிஸ்கோத்துக்கு ஏற்றது, ரொட்டிக்கு ஏற்றதன்று. இதன் காரணத்தை அறிந்துகொள்வது நல்லது. கோதுமை மாவில் நீர் விட்டுப் பிசையும்போது ‘குளூட்டன்’ என்னும் இழுவையுள்ள புரதப் பொருள் உண்டாகிறது. மாவினுள் எழும் காற்றை அது பிடித்து நிறுத்துவதாலேயே ரொட்டி உப்புகிறது. கேழ்வரகில் அப்பொருள் இல்லை. பிஸ்கோத்து உப்ப வேண்டியதில்லை. உதிர்ந்து கரைய வேண்டும். ஆகவே, ரொட்டிக்குக் குறையாக இருப்பதே பிஸ்கோத்துக்கு நன்மையாக அமைகிறது. ஆயினும் கேழ்வரகு மட்டுமே சேர்த்தால் கையில் எடுக்கும்போதே பொடியாகும். அதனால் சிறிது கோதுமை மாவு கலப்பது வழக்கம்.

மணல் அடுப்பு அமைக்கும் முறை

இதற்கென மின்சார அடுப்பு வாங்க வேண்டிய அவசியமில்லை. அடி கனமான பழைய இரும்புச் சட்டி அல்லது குண்டான் ஒன்று, அதற்குப் பொருந்தும் மூடி, உள்ளே வைக்க ஒரு சிறு முக்காலி, ஒரு தட்டு ஆகியவை போதும். கழுவி நன்கு காயவைத்த ஆற்று மணலைச் சட்டியில் இரு விரற்கடை உயரத்துக்குப் பரப்ப வேண்டும். ஈர மணல் சூட்டில் தெறிக்கும். எனவே அது கூடாது. முக்காலியை மணல்மேல் வைத்து, மூடியிட்டு, கால் மணி நேரம் நடுத்தரத் தீயில் சூடேற்ற வேண்டும். மணல் சூட்டை மெல்ல வாங்கிச் சீராக வெளியிடுவதால் பண்டத்தின் அடி கருகாது.

பிஸ்கோத்துக்கு 160 முதல் 180 சென்டிகிரேடு வரை வெப்பம் வேண்டும். வெப்பமானி இல்லாதோர் ஒரு தட்டில் சிறிது கோதுமை மாவைத் தூவி உள்ளே வைத்துப் பார்க்கலாம். இரண்டு மூன்று நிமிடங்களில் மாவு இளம்பழுப்பானால் சூடு சரியானது. உடனே கருகினால் தீயைக் குறைக்க வேண்டும். வெண்மை மாறாவிடில் மேலும் காத்திருக்க வேண்டும்.

செய்முறை

கேழ்வரகு மாவு 150 கிராம், கோதுமை மாவு 100 கிராம், நாட்டுச் சர்க்கரை 125 கிராம், வெண்ணெய் 125 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, சிறிது ஏலப்பொடி, தேவையான பால் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்க. வெண்ணெய்க்கு மாற்றாக நெய் சேர்ப்போர் 100 கிராம் சேர்த்தால் போதும். வெண்ணெயில் நீரும் கலந்துள்ளது, நெய்யில் இல்லை.

கேழ்வரகு மாவைப் பச்சை வாசனை நீங்கும் வரை இளந்தீயில் வறுத்து ஆறவிடுக. வெண்ணெயையும் சர்க்கரையையும் நிறம் வெளுத்து மென்மையாகும் வரை குழைக்க வேண்டும். மாவு வகைகளைப் பேக்கிங் பவுடர், உப்புடன் இருமுறை சலித்து அதனுடன் கலந்து, இரண்டு மூன்று கரண்டி பால் தெளித்துத் திரட்ட வேண்டும். சப்பாத்தி மாவைப்போல் அழுத்திப் பிசைந்தால் கோதுமையின் இழுவை கூடி, பிஸ்கோத்து கடினமாகும். திரட்டிய மாவைக் கால் அங்குலக் கனத்தில் தட்டி, வில்லைகளாக வெட்டி, தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, 15 முதல் 20 நிமிடங்கள் சுட வேண்டும். இவ்வளவுக்கு ஏறக்குறைய 40 வில்லைகள் கிடைக்கும்.

பழகாதோர் பெரும்பாலும் தவறுவது எடுக்கும் பக்குவத்தில்தான். கோதுமைப் பிஸ்கோத்து வெந்ததை நிறத்தால் அறியலாம். கேழ்வரகோ முன்பே கருநிறமுடையது, நிறம் காட்டிக்கொடுக்காது. ஓரம் இறுகியிருத்தலும், மணம் எழுதலும், வில்லை தட்டில் ஒட்டாமல் நகர்தலுமே அடையாளங்கள். சூடாக இருக்கையில் நடுப்பகுதி மென்மையாகவே இருக்கும், ஆறியபின் இறுகும். முற்றும் ஆறிய பிறகே டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி நீராகி, பிஸ்கோத்து நமர்த்துப் போகும். விரைவில் பூஞ்சையும் பிடிக்கும்.

பனையோலைப் பெட்டி

பனை தமிழகத்தின் மாநில மரம். தென் மாவட்டங்களில் ஓலை முடைதல் தொன்றுதொட்டு வரும் தொழில். செட்டிநாட்டுக் கொட்டான் புவிசார் குறியீடு பெற்ற கைவினைப் பொருளாகும். குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வகிர்ந்து, முடையும் முன் சிறிது நனைத்துப் பதப்படுத்துவர். வகிரும் அகலம் சீராக இல்லையெனில் பெட்டியின் மூலைகள் கோணும். சாயமிட்ட ஓலை தின்பண்டத்தில் நேரே படக்கூடாது. உள்ளே தூய எண்ணெய்த்தாள் விரித்தே பண்டம் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் ஓலை ஈரம் வாங்கிப் பூஞ்சை பிடிக்குமாதலால், பெட்டிகளைக் காற்றோட்டமான இடத்தில் வைத்துக் காப்பது நன்று.

ஒரே மரத்தில் அடுத்தடுத்துக் குருத்தை வெட்டினால் மரம் நலியும். ஓலை எடுப்போர் மரங்களை மாற்றி மாற்றி வெட்டுவதே முறையாகும். 2021ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில், பனைமரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என அறிவிக்கப்பட்டதை அங்கத்தினர்கள் நினைவிற்கொள்க.

கூலியையும் சேர்த்த கணக்கு

விற்பனைக்கு வருவோம். மேற்சொன்ன அளவுக்குப் பொருட்செலவு 100 ரூபாய், எரிபொருள் 10 ரூபாய், பொட்டலமும் சீட்டும் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 120 ரூபாய். 160 ரூபாய்க்கு விற்றால் 40 ரூபாய் மிஞ்சுகிறது. இதனை இலாபம் என்று பலரும் மகிழ்வர். ஆனால், மாவு வறுத்தது முதல் பொட்டலம் கட்டியது வரை இரண்டரை மணி நேரம் சென்றிருக்கும். ஆகவே, மணிக்கு 16 ரூபாய் மட்டுமே கூலியாகக் கிடைத்தது.

இரண்டு சட்டிகளை வைத்து நான்கு பங்கு செய்தால் நான்கு மணி நேரத்தில் முடிக்கலாம். பொருள் 400, எரிபொருள் 30, பொட்டலம் 40. ஆகச் செலவு 470 ரூபாய். ஒரு பங்கை 180 ரூபாயாக விற்றால் வரவு 720, மிச்சம் 250, மணிக்கு 62 ரூபாய் 50 காசு. இது ஓரளவு நியாயமான கூலி. ஆனால் நான்கில் ஒரு பங்கு விலைபோகாது நின்றுவிட்டால் மிச்சம் 70 ரூபாயாகச் சுருங்குகிறது. கூலி மணிக்கு 17 ரூபாய் 50 காசுக்கு இறங்கிவிடுகிறது. முன்கூட்டியே கேட்டோருக்கு மட்டும் செய்வதே பாதுகாப்பானது என்பது இதனால் விளங்கும். விலைகள் ஊருக்கு ஊர் மாறும். கணக்கிடும் முறை மாறாது.

ஓலைப் பெட்டிக்கும் இதே விதி. வீட்டு ஓலை, வீட்டு வேலை என்று எண்ணிப் பெட்டியை இலவசமாகச் சேர்ப்பவர் தம் உழைப்பையே இலவசமாகக் கொடுக்கிறார். அன்றாட விற்பனைக்குச் சாதாரணப் பொட்டலம் போதும். திருமணம், பண்டிகை முதலியவற்றுக்குப் பரிசாக வழங்குவோர் பெட்டிக்குத் தனி விலை தருவர். அங்கேயே பெட்டியைச் சேர்க்க வேண்டும்.

விற்பனை செய்வோர் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். சேர்பொருள்கள், நிகர எடை, செய்த நாள், பயன்படுத்தும் கெடு, முகவரி, பதிவு எண் ஆகியவை சீட்டில் இருக்க வேண்டும். கெடுவை ஊகித்து எழுதாமல், சில பொட்டலங்களைத் தம் வீட்டிலேயே வைத்திருந்து, நாள்தோறும் சுவையும் மணமும் பார்த்து முடிவு செய்வது நேர்மை.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

கடன் வாங்கிப் பெரிய அடுப்பு வாங்கிவிட்டுப் பிறகு தொழில் கற்பது தலைகீழான முறை. முதலில் பயிற்சி வேண்டும். 1974ஆம் ஆண்டு புதுச்சேரியில் நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் தொடங்கப்பட்டது. இன்று பெரும்பாலான மாவட்டங்களில் இத்தகைய நிலையங்கள் உள்ளன. தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பத்துக்கெனவே ஒரு தேசிய நிறுவனம் இயங்குகிறது. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்தில் தொடங்கித் தமிழகமெங்கும் பரவியுள்ளன. குழுக்களையும் பயிற்சி நிலையங்களையும் இணைத்து வைப்பது பஞ்சாயத்து அங்கத்தினர்களால் இயலும்.

மேலும், ஒரு நல்ல தராசையும் சில அச்சுகளையும் குழுவின் பொதுவுடைமையாக வைக்க உதவலாம். பஞ்சாயத்துக் கூட்டங்களுக்கு வாங்கும் தின்பண்டத்தை ஊர்ப் பெண்களிடமே முன்கூட்டிச் சொல்லி வாங்கலாம். ஏரிக்கரைகளிலும் புறம்போக்கிலும் பனங்கொட்டைகளை ஊன்றி வளர்க்கலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை.

முதல் தட்டுப் பிஸ்கோத்து வீட்டுக் குழந்தைகளுக்கே ஆகட்டும். அவர்கள் விரும்பி உண்ணும் பக்குவம் கைவந்தபின் அண்டை அயலார் கேட்பர். கேட்டபின் விலை சொல்லலாம். அவ்விலையில் மாவுக்கும் விறகுக்கும் இடமிருப்பதுபோல் செய்தவரின் உழைப்புக்கும் இடமிருக்க வேண்டும். அதனை ஒவ்வொரு குடும்பமும் ஒரு சிறு ஏட்டில் எழுதிப் பார்க்கும் பழக்கம் ஏற்படுமாயின், ஓய்வு நேரக் கைவேலை குடும்பத்துக்கு உறுதியான துணையாகும்.