பால் காய்ச்சும் முன்னே

வீடு மாறுவோர் புதிய வீட்டிற்குள் முதன்முதலாக எவற்றை எடுத்துச் செல்ல வேண்டும்? இதற்கு நம் நாட்டில் பழைய வழக்கம் ஒன்று விடை கூறுகிறது. கட்டிலும் பீரோவும் வாயிலில் காத்திருக்க, நிறைகுடத் தண்ணீரும் விளக்கும் உப்பும் அரிசியும் முதலில் உள்ளே போகும். பின்னர் அடுப்பை மூட்டிப் பால் காய்ச்சுவர். நம் கத்தோலிக்க இல்லங்களில் இவற்றோடு பாடுபட்ட சுரூபமும் செல்லும்.

இதனை வெறும் சடங்கு என்று நாம் எண்ணிவிடலாகாது. நீரும் ஒளியும் நெருப்பும் உணவும் இல்லாத இடம் எத்துணை அழகாயினும் மனிதர் வாழும் வீடாகாது. இன்றியமையாதவை முதலில், ஏனையவை பின்னர் என்னும் ஒழுங்கு இவ்வழக்கத்தில் அடங்கியுள்ளது. இன்றோ அவ்வொழுங்கு தலைகீழாகி வருகிறது. திரைச்சீலையின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் செலவிடும் குடும்பம், தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்க்க அரைமணி நேரம் ஒதுக்குவதில்லை. விருந்துக்குக் கடன் வாங்குவோர், பழுதுற்ற எரிவாயுக் குழாயை மாற்றச் சில நூறு ரூபாய் செலவிடத் தயங்குகின்றனர். சுவரின் வண்ணம் மங்கினால் உயிருக்குத் தீங்கில்லை, மற்றவை அவ்வாறல்ல. ஆகவே, அந்தப் பழைய வரிசையையே வழிகாட்டியாகக் கொண்டு, குடிபுகுமுன் செய்ய வேண்டியவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

நிறைகுடம்

பல நாள் பூட்டிக் கிடந்த வீட்டின் மேல்நிலைத் தொட்டியில் வண்டலும் பாசியும் படிந்திருக்கும். பொருள்களைக் கொண்டுவருவதற்கு ஓரிரு நாள் முன்னரே பழைய நீரை வெளியேற்றி, உட்சுவர்களை நன்கு தேய்த்துக் கழுவுதல் வேண்டும். நீரை மாற்றினால் மட்டும் போதாதோ எனச் சிலர் வினவலாம். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய நல்ல நீரின் விளிம்பை ஒட்டிய சுவரில்தான் முட்டையிடுகிறது. அம்முட்டைகள் உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் அழியாமல் இருந்து, மீண்டும் நீர் பட்டவுடன் பொரிக்கும். ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள்களில் கொசுவாகும். எனவே தேய்ப்பதே பயன் தரும். தொட்டிகளுக்கும் குடங்களுக்கும் வாளிகளுக்கும் மூடி இருத்தல் வேண்டும்.

கழுவிய தொட்டியில் நீர் நிரப்பியபின், 1000 லிட்டருக்கு 2.5 கிராம் என்னும் அளவில் தரமான பிளீச்சிங் பவுடரை ஒரு வாளி நீரில் கரைக்க வேண்டும். சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். குடிக்கும் நீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடிப்பதே நன்று.

தரைக்கு அடியிலுள்ள தொட்டியின் மூடியையும் கவனித்தல் வேண்டும். உடைந்த மூடியும், பலகை கொண்டு மறைத்த வாயும் சிறு குழந்தைகளுக்கு எமனாகும். மூடியைச் செப்பனிடாமல் ஓர் இரவுகூட அவ்வீட்டில் குழந்தையைத் தங்க வைத்தல் கூடாது. நெடுநாள் மூடிக் கிடந்த தொட்டியினுள் மூச்சுக்காற்று குறைந்திருக்கும் என்பதால், திறந்தவுடன் எவரும் அதனுள் இறங்கலாகாது.

கழிவுநீர்த் தொட்டி நிறைந்திருப்பின் இயந்திர வண்டியை மட்டுமே அழைக்க வேண்டும். அதனுள் தேங்கும் நச்சுக் காற்று நொடிப்பொழுதில் உயிரைப் பறிக்கும். தக்க பாதுகாப்பின்றி மனிதரைக் கழிவுநீர்த் தொட்டியில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. நமது வீடு தூய்மையுற மற்றொருவர் உயிரைப் பணயம் வைப்பது சட்டப்படி குற்றம். இறைவன் திருமுன் அதனினும் பெரிய குற்றம்.

விளக்கு

மின் விளக்கு எரிவதைக் கண்டவுடன் எல்லாம் சரியாக உள்ளதென எண்ணுவது இயல்பு. ஆனால் பழைய வீடுகள் சிலவற்றில் நில இணைப்புக் கம்பியே இருப்பதில்லை. மூன்று முனைச் செருகியில் நீண்டும் தடித்தும் இருக்கும் முனை இந்நில இணைப்புக்கு உரியதாகும். துளையில் நுழையவில்லை என்பதற்காக அதனை வெட்டிவிடுவோர், குளிர்பெட்டியோ துணி துவைக்கும் இயந்திரமோ பழுதாகும் நாளில் உயிரைக் காக்க வேண்டிய வழியை அடைத்துவிடுகின்றனர். உரிமம் பெற்ற மின் பணியாளர் ஒருவரை அழைத்து, குடிபுகுமுன் வீடு முழுவதையும் சோதித்தல் நலம்.

மின்கசிவு நேர்ந்தவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி ஒன்று உண்டு. மின் பணியாளர் இதனை ஆர்.சி.சி.பி. என்பர். வீடுகளில் வைக்கப்படுவது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இயங்கத் தக்கது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்த்தல் வேண்டும். அழுத்தியும் மின்சாரம் நிற்கவில்லையெனில் கருவி பழுதுற்றது என்பது தெளிவு. பழைய பியூஸ் உள்ள வீடாயின், எரிந்துபோன இழைக்கு மாற்றாகக் கையில் கிடைத்த தடித்த கம்பியைக் கட்டுதல் கூடாது.

மெயின் சுவிட்ச் எங்குள்ளது என்பதை வீட்டிலுள்ள அனைவரும், பள்ளி செல்லும் பிள்ளைகள் உட்பட, முதல் நாளிலேயே அறிந்துகொள்ள வேண்டும். மீட்டர் காட்டும் அளவை உரிமையாளர் முன்னிலையில் குறித்து வைத்து, முன்னிருந்தோர் செலுத்தாத கட்டணம் ஏதும் உண்டோ எனவும் மின் இணைப்பு எண்ணைக் கொண்டு பார்த்தல் வேண்டும்.

அடுப்பு

பால் காய்ச்சும் மகிழ்ச்சியிலும் பரபரப்பிலும் எரிவாயுவைச் சோதிக்க எவருக்கும் நேரமிருப்பதில்லை. வேறு ஊருக்குச் செல்வோர் உருளையையும் ரெகுலேட்டரையும் பழைய முகவரிடம் ஒப்படைத்து, வைப்புத் தொகையையும் அவர் தரும் சீட்டையும் பெற்றுச் சென்று, புதிய ஊரில் இணைப்பைப் பெறலாம். அடுப்பையும் குழாயையும் உடன் கொண்டு செல்லலாம். எனினும் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ரப்பர்க் குழாயையும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். வெடிப்பு கண்டால் அதற்குமுன்பே மாற்றுதல் வேண்டும்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு பரவித் தேங்கும். எனவே உருளையைக் காற்றோட்டமற்ற அலமாரிக்குள் அடைத்து வைக்கலாகாது. உருளை எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். அடுப்பு அதனைவிட உயரமான மேடையில் அமைதல் வேண்டும். இயல்பில் மணமற்ற இவ்வாயுவில், கசிவை நாம் அறிவதற்கென்றே கெட்ட நாற்றமுள்ள பொருளைச் சேர்க்கின்றனர். அந்நாற்றம் வீசினால் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு அனைவரும் வெளியேற வேண்டும். மின் சுவிட்சைப் போடவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. வெளியே வந்தபின் 1906 என்னும் அவசர எண்ணை அழைக்கலாம்.

உப்பும் அரிசியும்

வீடு மாறும் நாளின் மாலைப்பொழுது பெரும்பாலும் தாய்மாரையே வருத்துகிறது. இருபது மூட்டைகளுக்கிடையே குழந்தைக்குப் பால் காய்ச்சப் பாத்திரம் அகப்படாது. தாத்தாவின் மாத்திரை எந்தப் பெட்டியில் உள்ளதென எவருக்கும் தெரியாது. இத்துன்பத்தைத் தவிர்க்க, முதல் நாளுக்கென ஒரு பெட்டியைத் தனியே கட்டுதல் வேண்டும். அதனை வண்டியில் கடைசியாக ஏற்றினால் முதலில் இறக்கலாம்.

அரிசி, பருப்பு, உப்பு, சர்க்கரை, காப்பித்தூள், இரண்டு பாத்திரங்கள், கத்தி, கரண்டி, தீப்பெட்டி, சோப்பு, துண்டு, போர்வை, கொசுவலை, கைவிளக்கு, மெழுகுதிரி, ஒரு பல்பு, திருப்புளி, டெஸ்டர், சுத்தியல், ஆணி, கொடிக்கயிறு, பூட்டு ஆகியன அப்பெட்டியில் இருக்கட்டும். துடைப்பம், வாளி, குவளை, பினாயில் ஆகியன வேறு மூட்டையில் செல்லட்டும். மருந்துகள், சான்றிதழ்கள், நகை, பணம் ஆகியவற்றை வண்டியில் ஏற்றாமல் கைப்பையிலேயே எடுத்துச் செல்ல வேண்டும். குளிர்பெட்டியை இறக்கியவுடன் இயக்காமல், சில மணி நேரம் நிமிர்த்தி வைத்திருந்து பின்னர் இயக்குதல் நன்று.

ஏனைய பொருள்களை வாங்க அவசரம் வேண்டா. ஒரு மாதம் வாழ்ந்து பார்த்தால் எவ்வறையில் வெயில் விழுகிறது, எங்கு மழைநீர் ஒழுகுகிறது என்பன விளங்கும். தேவையற்றவை தாமே பட்டியலிலிருந்து நீங்கும். சுமை தூக்க வந்த தொழிலாளர்க்கு நீரும் உணவும் தந்து, பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுப்பதும் அன்றைய கடமைகளில் ஒன்றாகும்.

முதியோரும் மழலையரும்

பழகிய வீட்டில் இருளிலும் நடந்த முதியோர், புதிய வீட்டில் முதல் வாரத்தில்தான் வழுக்கி விழுகின்றனர். அவர்தம் படுக்கைக்கும் கழிவறைக்கும் இடையே இரவு முழுவதும் சிறு விளக்கு எரியட்டும். ஈரத்தில் வழுக்காத மிதியடியும், பற்றிக்கொள்ளச் சுவரில் கைப்பிடியும் அமைத்தல் நலம். மாடி வீடாயின் கைப்பிடிச் சுவரின் உயரத்தையும் கம்பிகளின் இடைவெளியையும், குழந்தையின் தலை நுழையுமோ என்ற நோக்கோடு பார்த்தல் வேண்டும்.

பழைய வண்ணப்பூச்சைச் சுரண்டும்போது குழந்தைகளை அவ்வீட்டில் விடலாகாது. முற்காலப் பூச்சுகளில் ஈயம் மிகுந்திருந்தது. அத்தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 2017 நவம்பர் முதல், வீட்டுப் பூச்சுகளில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தல் கூடாது என்னும் விதி நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. சுவரை ஈரப்படுத்திச் சுரண்டினால் தூசி பரவுவது குறையும்.

கதவும் ஏடும்

முன்பு குடியிருந்தோரிடம் எத்தனைச் சாவிகள் உள்ளன என்பது நமக்குத் தெரியாது. ஆதலால் உரிமையாளரிடம் கூறி வாயிற்கதவின் பூட்டை மாற்றிக்கொள்வது அறிவுடைமை. கதவு நிலைகளைத் தட்டிப் பார்த்துக் கறையான் உண்டோ என்றும் அறியலாம்.

வாடகை வீடாயின் ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும் இதனையே வலியுறுத்துகிறது. முன்பணம் எவ்வளவு, பராமரிப்பு யார் பொறுப்பு, வீட்டிலுள்ள மின்விசிறிகளும் குழாய்களும் எத்தனை என்பனவற்றை எழுதி, இருவரும் கையொப்பமிட்டால் பின்னாளில் மனத்தாங்கலுக்கு இடமிராது. குடும்ப அட்டை, ஆதார், வங்கி, பள்ளி ஆகியவற்றில் முகவரியை மாற்ற வேண்டும். வாக்காளர் பட்டியலுக்குரியது படிவம் 8 ஆகும். 108 என்னும் மருத்துவ ஊர்தி எண்ணையும், 101 என்னும் தீயணைப்பு எண்ணையும், அவற்றினருகே புதிய முகவரியையும் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டி வைக்கலாம். பதற்றத்தில் சொந்த முகவரியும் மறந்துபோகும்.

புதிய பங்கிற்கு வந்த குடும்பம் பங்குத்தந்தையைச் சந்தித்துக் குடும்ப ஏட்டில் பெயர் பதிவு செய்துகொள்வதும், அன்பியத்தில் இணைவதும் நலம்.

மந்திரிப்பும் விருந்தும்

இறுதியாக ஒன்று. விருந்துக்குப் பணம் சேரட்டும் என்று வீடு மந்திரிப்பை மாதக்கணக்கில் ஒத்திப் போடும் குடும்பங்கள் நம் பங்குகளில் உள்ளன. அதற்காகக் கடன்படும் குடும்பங்களும் உள்ளன. வெண்துணி விரித்த சிறு மேசை, பாடுபட்ட சுரூபம், எரியும் மெழுகுதிரிகள், தீர்த்தம், செபிக்கக் கூடிய குடும்பத்தார் ஆகியோர் இருப்பின் மந்திரிப்புக்கு அதுவே போதும். பந்தலும் பிரியாணியும் இல்லையென்பதால் இறைவனின் ஆசி குறைவதில்லை. அயல் வீட்டார் நால்வரை அழைத்து ஒரு குவளைப் பால் கொடுத்தாலும் விருந்தே. நள்ளிரவில் இடர் வந்தால் கதவைத் தட்டக்கூடியவர்கள் அவர்களே அன்றோ?

எனவே, வீடு மாறவிருக்கும் குடும்பங்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே: கையிலுள்ள பணத்தையும் நேரத்தையும் முதற்கண் தொட்டிக்கும் மின் கம்பிக்கும் எரிவாயுக் குழாய்க்கும் கதவுக்கும் ஒதுக்குங்கள். எஞ்சியதில் பொருள் வாங்குங்கள். அதிலும் எஞ்சினால் விருந்து வையுங்கள். அச்சமின்றி உறங்கும் குழந்தைகளும், வழுக்காமல் நடமாடும் பெரியோரும், முதல் நாளிரவே சற்று அமர்ந்து இளைப்பாறும் தாயும் உள்ள வீட்டில் அன்றைய குடும்ப செபம் உண்மையான நன்றியறிதலாக அமையும்.