இன்றிரவே திறக்கத் தக்க புட்டி: குறைந்த விலை ஒயினின் கணக்கு

இரவு உணவோடு அருந்துவதற்காக வாங்கப்படும் ஒயினிடம் எதிர்பார்க்கப்படுவன இரண்டே பண்புகள்: வாங்கிய அன்றே திறந்து குடிக்கத் தக்கதாக அது இருக்க வேண்டும், அடிக்கடி வாங்கினாலும் வீட்டுச் செலவுக்குக் கட்டுப்படியாக வேண்டும். இவ்விரண்டும் ஒரே புட்டியில் சேர்ந்து கிடைப்பது தற்செயல் அன்று. எந்த வட்டாரத்தில், எந்தத் திராட்சையில், எந்தச் செய்முறையில் அவை சேரும் என்பதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. பிரான்சின் போஜோலே, தென் ரோன், ஸ்பெயினின் ரியோஹா ஆகிய மூன்று வட்டாரங்களைக் கொண்டு அக்காரணங்களை இக்காணொளி ஆராய்கிறது. மூன்றனுள் ரியோஹாவுக்கே கூடுதல் நேரம் ஒதுக்கப்பட்டிருப்பது, வாங்குபவருக்கு அங்கே கிடைக்கும் ஆதாயம் மற்ற இரண்டைவிடப் பெரிது என்பதனால்தான்.

ஒரு சிவப்பு ஒயின் இளமையில் குடிக்கத் தகாததாக இருப்பதற்கு முதன்மைக் காரணம் டானின் எனப்படும் துவர்ப்புப் பொருள். திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் காம்பிலிருந்தும், சில வேளைகளில் ஓக் மரப் பீப்பாயிலிருந்தும் ஒயினில் இறங்கும் இப்பொருள், பாக்கிலும் கடுந்தேநீரிலும் இருப்பதே. உமிழ்நீரிலுள்ள புரதங்களோடு அது பிணைந்துகொள்வதால் நாவும் ஈறும் வறண்டு இழுப்பது போன்ற உணர்வு தோன்றுகிறது. ஆண்டுகள் செல்லச்செல்ல இத்துவர்ப்பு தணிகிறது. டானினில் ஒரு பகுதி வண்டலாகப் புட்டியின் அடியில் படிகிறது. இத்தாலியின் வடமேற்கில் நெபியோலோ திராட்சையிலிருந்து உருவாகும் பரோலோவை, குறைந்தது 38 மாதங்கள் முதிர வைத்த பின்னரே விற்க வேண்டும் என்று சட்டம் விதித்திருக்கிறது. அதன் பிறகும் பல பரோலோ புட்டிகள் மேலும் சில ஆண்டுகள் காத்திருக்கக் கேட்கின்றன.

காத்திருப்புக்கு விலை உண்டு. பிரான்சின் போர்தோ வட்டாரத்தின் புகழ்பெற்ற பண்ணைகள், அறுவடைக்கு அடுத்த வசந்தத்திலேயே, ஒயின் இன்னும் பீப்பாயில் இருக்கும்போதே, முன்விற்பனையில் அதை விற்றுப் பணம் பெற்றுவிடுகின்றன. புட்டி கைக்கு வந்த பிறகும் குளிர்ந்த நிலவறையில் அதைப் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ கிடத்திப் பாதுகாக்கும் பொறுப்பு வாங்கியவருடையது. அதற்கு மேல் மண்ணின் புகழுக்கும் ஒரு விலை சேர்கிறது. 1855இல் பாரிஸ் கண்காட்சிக்காக வகுக்கப்பட்ட போர்தோவின் தரவரிசை, 1973இல் மூத்தோன் ரோத்ஷீல்ட் பண்ணை முதல் நிலைக்கு உயர்த்தப்பட்டது போன்ற சிறு மாற்றங்களைத் தவிர, இன்றும் அப்படியே நிற்பதால், அப்பட்டியலில் இடம்பெற்ற பெயர்களுக்கான விலையைச் செவ்வாய்க்கிழமை இரவு உணவுக்காக யாரும் கொடுக்கத் தேவையில்லை.

எனினும் மறுமுனைக்குப் போய், கடையில் உள்ளவற்றுள் மிக மலிவானதை எடுப்பதும் சிக்கனம் ஆகாது. புட்டி, மூடி, அட்டைப்பெட்டி, ஏற்றுமதிச் செலவு, வரி ஆகியவை உள்ளே இருக்கும் திரவம் நல்லதா கெட்டதா என்று பார்ப்பதில்லை. எல்லாப் புட்டிகளுக்கும் அவை ஏறத்தாழ ஒன்றே. பிரிட்டனில் வழக்கமான மதுச்செறிவுள்ள 750 மில்லிலிட்டர் புட்டி ஒன்றுக்கு ஆயத்தீர்வை மட்டுமே இரண்டரைப் பவுண்டுக்கு மேல் போகிறது. அதற்கும் சேர்த்து 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி விதிக்கப்படுகிறது. ஆகவே ஐந்து பவுண்டுப் புட்டியில் கடைக்காரரின் பங்கும் கழிந்த பிறகு திராட்சைக்கென எஞ்சுவது சில காசுகளே. இரண்டு மூன்று பவுண்டு கூடுதலாகக் கொடுக்கும்போது அக்கூடுதலில் கணிசமான பகுதி ஒயினின் தரத்துக்கே சென்று சேர்கிறது. பிரான்சில் இத்தீர்வை புட்டிக்கு ஒரு சில சென்ட் அளவே என்பதால், அங்கே பத்து யூரோவுக்குள் கிடைக்கும் புட்டியை அதே பணத்துக்கு இலண்டனில் தேடுவது வீண்.

காத்திருப்பே தேவைப்படாத ஒயினுக்குச் சிறந்த சான்று, லியோன் நகருக்கு வடக்கே உள்ள குன்றுகளில் கமே என்னும் திராட்சையிலிருந்து செய்யப்படும் போஜோலே. 1395இல் பர்கண்டியின் கோமகன் துணிச்சல்கார ஃபிலிப், இத்திராட்சையைத் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து வேரோடு பிடுங்கி எறியுமாறு ஆணையிட்டார். ஆனால் தெற்கே உள்ள கருங்கல் மண்ணில் அது நன்றாகவே செழித்தது. கோமகனின் நாவை இவ்விஷயத்தில் நம்ப வேண்டியதில்லை.

கமே இயல்பாகவே துவர்ப்புக் குறைந்தது என்றாலும், அதை மேலும் மென்மையாக்குவது செய்முறை. வழக்கமான முறையில் திராட்சை நசுக்கப்பட்டு, சாறும் தோலும் சேர்ந்து நாள்கணக்கில் ஊறி, ஈஸ்ட் சர்க்கரையை மதுவாக மாற்றுகிறது. இங்கேயோ குலைகள் நசுக்கப்படாமல் முழுதாகவே மூடிய தொட்டியில் கொட்டப்படுகின்றன; தொட்டியைக் கரியமில வாயு நிரப்புகிறது. காற்று இல்லாத அச்சூழலில் ஒவ்வொரு பழத்தின் உள்ளேயும் அதன் சொந்த நொதிகளே சர்க்கரையில் ஒரு பகுதியை மதுவாக மாற்றத் தொடங்குகின்றன. தோலின் நிறம் உட்சதைக்குப் பரவுகிறது. பழம் மெல்ல இளகி வெடிக்கிறது. அடியில் கிடக்கும் பழங்களோ மேலுள்ள பாரத்தில் நசுங்கி வழக்கமான முறையில் நொதிக்கின்றன. நிறமும் நறுமணமும் இறங்கும் அளவுக்குத் துவர்ப்பு இறங்குவதில்லை என்பதே இம்முறையின் பயன். நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை உலகெங்கும் விற்பனைக்கு வரும் போஜோலே நூவோ, அறுவடையாகி சில வாரங்களே ஆன ஒயின். கொண்டாட்டத்துக்கு அது சரி, உணவுக்குச் சற்று மெலிந்தது. அதே கடையில் சிறிது கூடுதல் விலையில் நிற்கும் போஜோலே வில்லாஜ், அதாவது அவ்வட்டாரத்தின் சிறந்த ஊர்களில் விளைந்தது, இரவு உணவுக்கு மிகப் பொருத்தம். புரூயி, ஃப்ளோரி, மொர்கோன் முதலிய பத்து ஊர்ப்பகுதிகள் தத்தம் பெயரிலேயே விற்பதால், லேபிளில் போஜோலே என்ற பெயரைத் தேடுபவர் அவற்றைத் தவறவிட வாய்ப்புண்டு.

தென் ரோனில் கதை சுருக்கமானது. கிரெனாஷ், சிரா போன்ற திராட்சைகளைக் கலந்து செய்யப்படும் ஷத்தோநெஃப் து பாப் விலையுயர்ந்தது. அதைச் சூழ்ந்த பரந்த நிலத்தில், பெரும்பாலும் அதே திராட்சைகளிலிருந்து வரும் கோத் து ரோன் அதன் விலையில் ஒரு சிறு பங்குக்கே கிடைக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில் ஊர்ப்பெயர் தாங்கிய கோத் து ரோன் வில்லாஜ் என்றொரு படி உள்ளது; சப்லே, செகுரே போன்ற பெயர்கள் இப்படியில் நிற்பவை. 1971இல் ஜிகோந்தாஸ், 1990இல் வகேராஸ், 2016இல் கெரான் என ஊர்கள் ஒவ்வொன்றாகத் தனித் தகுதி பெற்று மேலேறியிருப்பதால், இன்னும் ஏறாத ஊர்களின் ஒயினை வாங்குவதே கெட்டிக்காரத்தனம்.

ரியோஹாவின் நிலை இவ்விரண்டிலிருந்தும் வேறானது. அங்கே ஒயின் காத்திருக்கத்தான் செய்கிறது, ஆனால் காத்திருப்பது வாங்குபவர் அல்லர், போதேகா எனப்படும் ஒயின் கிடங்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலாக்செரா என்னும் வேர்ப்பூச்சி பிரான்சின் தோட்டங்களை அழித்தபோது, போர்தோ வணிகர்கள் சரக்குத் தேடி ரியோஹாவுக்கு வந்தனர். ஏற்கெனவே அங்கே வேரூன்றத் தொடங்கியிருந்த பீப்பாய் முறை அவ்வணிகத்தால் வலுப்பெற்றது. ஆரோ என்னும் ஊரின் ரயில் நிலையத்தைச் சுற்றி அக்காலத்தில் எழுந்த கிடங்குகளில் பல இன்றும் இயங்குகின்றன. அவை பெரிதும் விரும்பியது அமெரிக்க ஓக் மரம். பழைய பாணி ரியோஹாவில் எழும் வனிலா, தேங்காய் வாசனை அம்மரத்திலிருந்து வருவது.

திரையில் இப்போது காட்டப்படும் புட்டியின் பின்புறத்தில், அஞ்சல்தலை அளவில் ஒட்டப்பட்டிருக்கும் சிறு முத்திரையைக் கவனிக்க வேண்டும். வட்டார ஒழுங்குமுறைக் குழு வழங்கும் அம்முத்திரையின் நிறமே ஒயினின் வயதைச் சொல்லிவிடுகிறது. சிவப்பு முத்திரை கிரியான்சாவுக்குரியது: இரண்டு ஆண்டு முதிர்ச்சி, அதில் குறைந்தது ஓராண்டு பீப்பாயில். அடர்சிவப்பு ரெசெர்வாவுக்கு: மூன்று ஆண்டுகள், அவற்றுள் குறைந்தது ஓராண்டு பீப்பாயிலும் ஆறு மாதம் புட்டியிலும். நீலம் கிரான் ரெசெர்வாவுக்கு: ஐந்து ஆண்டுகள், குறைந்தது இரண்டு பீப்பாயில், இரண்டு புட்டியில். இவ்வளவு காலம் 225 லிட்டர் பீப்பாய்களில் முதலீட்டை முடக்கி வைத்த பிறகும் கிரியான்சா பல ஐரோப்பியக் கடைகளில் பத்து யூரோவை ஒட்டியே விற்கிறது என்பது வியப்புக்குரியது. அறுபதாயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட தோட்டப் பரப்பும், பெரிய கிடங்குகளின் கடும் போட்டியும் இதற்குக் காரணங்கள். ரியோஹாவின் டெம்பிரனியோ திராட்சையின் துவர்ப்பு அதற்குள் தணிந்திருப்பதால், வறுத்த ஆட்டிறைச்சியோடும் பருப்பு வகைகளோடும் அது உடனே ஒத்துப்போகிறது. சட்டம் உறுதியளிப்பது காலத்தை மட்டுமே, சுவையை அன்று. மெலிந்த ஒயினைப் பீப்பாயில் எத்தனை ஆண்டு வைத்தாலும் அது மரவாசனை ஏறிய மெலிந்த ஒயினாகவே வெளிவரும். ஆகவே மிகக் குறைந்த விலையில் கிரான் ரெசெர்வா என்று அழைக்கப்படும் புட்டியைவிட, அதே விலையுள்ள நல்ல கிடங்கின் கிரியான்சா மேலானது.

வெள்ளை ஒயினில் டானின் பெரும்பாலும் இல்லாததால் சிக்கலும் குறைவு. லுவார் ஆற்றின் முகத்துவாரத்தில் விளையும் முஸ்காதே, போர்ச்சுகலின் வடக்கிலிருந்து வரும் வின்யோ வெர்தே ஆகிய இரண்டும் மீனுக்குப் போதும். இவற்றில் அறுவடை ஆண்டு எவ்வளவு அண்மையதோ அவ்வளவு நல்லது. மிளகாய்க் காரம் தூக்கலான தமிழ்ச் சமையலுக்கு மட்டும் வேறு கணக்கு: துவர்ப்பும் மதுச்செறிவும் காரத்தின் எரிச்சலைக் கூட்டுவதால், பீப்பாயில் முதிர்ந்த சிவப்பு ஒயின் மீன்குழம்போடு மோதும். எட்டு, ஒன்பது விழுக்காடு மதுவும் இலேசான இனிப்பும் கொண்ட ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கு ரீஸ்லிங், கபினெட் என்று குறிக்கப்பட்டது, அங்கே கைகொடுக்கிறது.

பரிமாறும் வெப்பநிலை செலவில்லாமல் ஒயினை மேம்படுத்தும் வழி. சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்ற பழைய விதி, வீடுகளில் மைய வெப்பமூட்டல் இல்லாத காலத்து ஐரோப்பிய அறைகளைக் குறித்தது. ரியோஹாவுக்கு 16 முதல் 18 பாகை செல்சியஸ், போஜோலேவுக்கு 12 முதல் 14 பாகை போதும். வெப்பமான அறையில் இருந்த புட்டியை அரைமணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்தெடுத்தால் மதுவின் காட்டம் அடங்கிப் பழத்தின் மணம் மேலெழும்.

திறந்த புட்டியில் ஒயின் மிஞ்சினால் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். காற்றிலுள்ள ஆக்சிஜன் அதைத் தட்டையாக்குவதற்கு முன் இரண்டு மூன்று நாள்கள் அது தாங்கும். நாளுக்கு ஒரு குவளை மட்டுமே செலவாகும் வீட்டுக்கு, ஆஸ்திரேலியாவின் தாமஸ் ஆங்கோவ் 1965இல் காப்புரிமை பெற்ற பெட்டி ஒயின் இன்னும் பொருத்தம்: ஒயின் குறையக்குறைய உள்ளிருக்கும் நெகிழிப் பை சுருங்கிக் காற்றுக்கு இடம் தராததால், திறந்த பிறகும் சில வாரங்கள் சுவை கெடுவதில்லை. பிரான்சில் கோத் து ரோனும் பெட்டியில் கிடைக்கிறது. ஆனால் நெகிழிப் பையில் நெடுங்காலம் வைத்திருக்க அது ஏற்றதன்று என்பதால், பெட்டியில் அச்சிடப்பட்ட தேதியைப் பார்த்துப் புதியதாக வாங்க வேண்டும்.