எல்லாம் தெரிஞ்சும் ஏன் 'தம்'? மருத்துவ மாணவர்களின் நிகோடின் பழக்கம்: புதுச்சேரி சொல்வது என்ன?

கறுத்துப்போன நுரையீரலைக் கண்ணாடி ஜாடியில் நேரில் பார்த்தவர்கள் அவர்கள். வாய்ப்புற்றுநோய் வார்டில் நின்று பாடம் கேட்டவர்கள். ஆனாலும் நைட் டூட்டி முடிந்ததும் ஒரு கையில் டீ, மறு கையில் சிகரெட் என்று நிற்கும் மருத்துவ மாணவரை எந்த ஊரிலும் பார்க்க முடிகிறது. "டாக்டருக்குப் படிக்கிற நீங்களே இப்படியா?" என்று கேட்பது சுலபம். பதில் அவ்வளவு சுலபம் இல்லை.

புதுச்சேரியில் நிலவரம் எப்படி?

2016-17ல் நடந்த உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 28.6 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துகிறார்கள். தமிழ்நாட்டில் இது 20 சதவீதம். புதுச்சேரியில் 11.2 சதவீதம்தான். மதுக்கடைகளுக்குப் பேர்போன ஊர், புகையிலையில் நாட்டிலேயே குறைவான இடங்களில் ஒன்று என்பது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும்.

ஆனால் இது வீடு வீடாக எடுத்த கணக்கு. கல்லூரி விடுதியில் என்ன நடக்கிறது என்பதை இது தனியாகச் சொல்லாது. 1823ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த கோரிமேடு ஜிப்மர் முதல் தனியார் கல்லூரிகள் வரை, இந்தச் சின்ன ஊருக்கு நாட்டின் பல மூலைகளிலிருந்தும் மருத்துவம், பல் மருத்துவம், நர்சிங் படிக்க வருகிறார்கள். உள்ளூர் சராசரி அவர்களுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

தெரிந்தும் ஏன் விட முடியவில்லை?

சிகரெட்டை இழுத்த சில விநாடிகளில் நிகோடின் மூளைக்குப் போய்விடும். அங்கே டோபமைன் சுரக்கும், ஒரு இதம் கிடைக்கும். ரத்தத்தில் உள்ள நிகோடின் ஏறக்குறைய 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். உடனே எரிச்சல், கவனச் சிதறல், படபடப்பு. அடுத்த சிகரெட் அந்தப் படபடப்பை அடக்கும்.

இங்கேதான் ஏமாற்று வேலை நடக்கிறது. "டென்ஷனுக்குத்தான் அடிக்கிறேன்" என்று மாணவர் நினைப்பார். அவர் போக்கிக்கொள்ளும் டென்ஷனில் ஒரு பங்கு, முந்தைய சிகரெட் உண்டாக்கியதுதான். தேர்வு, தூக்கமில்லாத இரவு, விடுதி நண்பர்கள் எல்லாம் சேர்ந்தால் பாடப்புத்தக அறிவு அதற்கு முன்னால் தோற்றுப்போகும்.

வேப், கூல் லிப் பரவாயில்லையா?

இல்லை. உதட்டுக்குள் ஒதுக்கும் பொட்டலத்தில் புகை வராது, வாசனையும் தெரியாது. வார்டில் நின்றாலும் யாருக்கும் தெரியாது என்பதே அதன் ஆபத்து. இ-சிகரெட் விற்பனை 2019 முதலே நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளது. முதல்முறை விற்றுப் பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சாதா சிகரெட்டுக்கும் கட்டுப்பாடு உண்டு. 2003ஆம் ஆண்டு சட்டப்படி கல்வி நிறுவனத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், விற்கக் கூடாது. மீறினால் அபராதம் 200 ரூபாய் வரைதான். இன்றைக்கு இந்தத் தொகைக்கு எந்தக் கடைக்காரர் பயப்படுவார்? ஒற்றை சிகரெட்டாக வாங்கும்போது, பெட்டியில் 85 சதவீத இடத்தை அடைக்கும் எச்சரிக்கைப் படமும் கண்ணில் படுவதில்லை.

இதில் நோயாளிக்கு என்ன?

நிறைய இருக்கிறது. அதே கணக்கெடுப்பில், முந்தைய 12 மாதங்களில் மருத்துவப் பணியாளரைச் சந்தித்த புகைப்பவர்களில் 48.8 சதவீதம் பேருக்குத்தான் "விட்டுவிடுங்கள்" என்ற அறிவுரை கிடைத்திருக்கிறது. பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. தானே புகைப்பவர் அடுத்தவரிடம் சொல்லத் தயங்குவது மனித இயல்பு.

பயிற்சியும் போதாது. 2005ல் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் சேர்ந்து இந்தியா உட்பட 10 நாடுகளில் மூன்றாம் ஆண்டு மருத்துவத் துறை மாணவர்களிடம் கேட்டன. புகையிலையை விடவைக்கும் பயிற்சி வேண்டும் என்று பெரும்பாலோர் சொன்னார்கள். ஆனால் எந்த நாட்டிலும் 40 சதவீதம் பேருக்குக்கூட அந்தப் பயிற்சி கிடைத்திருக்கவில்லை.

இப்போது விட்டால் பலன் உண்டா?

இதற்கு டாக்டர்களே சாட்சி. 1951ல் ரிச்சர்ட் டால், பிராட்போர்ட் ஹில் இருவரும் பிரிட்டன் டாக்டர்களின் புகைப்பழக்கத்தைப் பதிவுசெய்து, 50 ஆண்டுகள் பின்தொடரப்பட்ட ஆய்வைத் தொடங்கினார்கள். புகைத்தவர்கள் சராசரியாக 10 ஆண்டுகள் முன்னதாக இறந்தார்கள் என்று 2004ல் வந்த முடிவு சொன்னது. 60 வயதில் விட்டவர்களுக்கு 3 ஆண்டுகள் திரும்பக் கிடைத்தன. 50ல் விட்டவர்களுக்கு 6, 40ல் விட்டவர்களுக்கு 9. 30 வயதில் விட்டவர்களுக்கு ஏறக்குறைய முழு 10 ஆண்டுகளும். புதுச்சேரியில் இப்போது படிக்கும் மாணவர்களில் பெரும்பாலோர் அந்த 30-ஐ இன்னும் தொடவே இல்லை.

காலையில் எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் தேவைப்பட்டால், பிடிப்பு பலமாக இருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்டவர்களுக்கு மனவுறுதி மட்டும் போதாது. நிகோடின் சூயிங்கம், மாத்திரை, ஆலோசனை என்று சிகிச்சை இருக்கிறது. முதல் சில நாட்கள்தான் மிகக் கஷ்டம். தேர்வு வாரத்தில் ஆரம்பிக்காமல் விடுமுறையில் ஆரம்பிப்பது நல்லது. தேசிய உதவி எண் 1800-11-2356, கட்டணம் கிடையாது. பேர் தெரிந்துவிடுமோ, வார்டில் சீனியர் கேலி செய்வாரோ என்று தயங்குபவர்கள் விடுதி அறையிலிருந்தே பேசலாம்.